பெயரில் ஒரு 'ழ'

வயது வந்தவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்று இன்று நீங்கள் புறப்பட்டால், பாடப் பொருளுக்குப் பஞ்சமே இருக்காது. மத்திய அரசு 2022இல் தொடங்கி 2027 வரை வகுத்த திட்டம் ஐந்து கோடிப் பேருக்கு எழுத்தறிவிக்க ஏறத்தாழ 1,038 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதற்கென்றே 'உல்லாஸ்' என்னும் செயலி 2023 ஜூலையில் வந்தது. 'ஸ்டோரிவீவர்' தளத்தில் 2015 முதல் கதைகள் குவிந்துகொண்டிருக்கின்றன. தமிழ் உட்பட நூற்றுக்கணக்கான மொழிகளில், பைசா செலவில்லாமல். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் 'அ'வில் தொடங்கிப் பட்டப் படிப்புவரை பாடம் உண்டு. ஆங்கிலம் என்றால் கேட்கவே வேண்டாம். 1943இல் வானொலியில் ஆங்கிலப் பாடம் சொல்லித்தர ஆரம்பித்த பிபிசி இன்று இணையத்தில் சொல்லித்தருகிறது. ஒரு காலத்தில் கபில் தேவ் விளம்பரத்தில் சிரிக்க, ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் தடிமனாக அடுக்கியிருந்த ரேபிடெக்ஸின் இடத்தை யூடியூபில் ஆயிரம் பேர் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். முப்பது நாளில் ஆங்கிலம், பதினைந்து நாளில் ஆங்கிலம், தூங்கும்போதே ஆங்கிலம்.

இத்தனையும் என் கைப்பேசியில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் எதைத் திறப்பதற்கும் முதலில் எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். பெயரைப் பதிவு செய்யுங்கள், மொழியைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் எண்ணுக்கு வந்திருக்கும் ஆறு இலக்கங்களை இடுங்கள் என்று வரிசையாகக் கேட்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கான வாசலில் எழுத்தில் ஒரு பூட்டு.

என் மாணவிக்கு 50 வயது. அறிவொளி நாட்களில் 'மாணவி' என்று சொல்லக்கூடாது, 'கற்போர்' என்று சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வயதில் பெரியவர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக்கிவிடக் கூடாது என்பதற்காக. அது நல்ல விதி. ஆனால் இவர் தன்னை மாணவி என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை வைத்திருக்கிறார், நானும் விட்டுவிட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரின் நடுவில் ஒரு 'ழ' உண்டு என்பது தெரிந்தால் போதும். அந்த 'ழ' இந்தக் கதையில் வேலை செய்யப்போகிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 1992இல் கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவர். ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப்பில் குடித்தனம். விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் பல தசாப்தங்களாகக் குடியிருந்த இடம் அது. பெண்களில் பெரும்பாலோருக்கு நிஜாமுதீன், ஜங்புரா வீடுகளில் 'கோட்டி' வேலை. (திருநெல்வேலி வாசகர்கள் பதற வேண்டாம். தில்லித் தமிழில் கோட்டி என்றால் பங்களா வீடு.) என் மாணவி ஐந்து கோட்டிகளில் வேலை செய்தார். அதில் ஒன்று எங்கள் மாடிப்படிக்கு எதிர்வீடு. முப்பது வருடமாகத் தில்லியில் புழங்கியதில் இந்தி சரளமாகப் பேசுவார், காய்கறிக்காரனிடம் பஞ்சாபியிலேயே சண்டை போடுவார். மூன்று மொழி வாயில் உண்டு. கையில் ஒன்றும் இல்லை.

2024இல் கேம்ப்பை அகற்றப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்தபோது அவர் என் கதவைத் தட்டினார். கணக்கெடுக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். பட்டியல் வரும், சுவரில் ஒட்டுவார்கள் என்றார்கள்.

"டீச்சரம்மா, எனக்கு அ ஆ எல்லாம் வேணாம். சொவத்துல என் பேரு இருக்குதா இல்லியான்னு எனக்கே தெரியணும். அடுத்தவங்ககிட்ட போயி கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது. அம்புட்டுதான்."

இருபது வருடமாகப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அவரை 'நீ' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்று "உட்காருங்க" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

அம்புட்டுதான் என்று அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மறுநாள் அவருடைய காகிதங்களைப் பிரித்தபோதுதான் விளங்கியது. பிளாஸ்டிக் பையில் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆதார் அட்டையில் அந்த 'ழ' ஆங்கிலத்தில் இசட்-எச் என்று இருந்தது. வாக்காளர் அட்டையில் வெறும் எல். ரேஷன் அட்டையில் இந்தி 'ல'. தேவநாகரியில் 'ழ'வுக்கென்றே அடியில் புள்ளி வைத்த ஓர் எழுத்து இருக்கிறது. அதைத் தில்லியில் எந்த மேஜையிலும் யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. ஆக ஒரே பெண்மணி, மூன்று பெயர். தில்லியின் குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கே வசித்ததைக் காகிதத்தால் நிரூபித்தால்தான் மாற்று வீடு. நிரூபிக்க வேண்டிய காகிதங்களோ ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை.

எந்த எழுத்தில் ஆரம்பிப்பது? தாய்மொழியில்தான் முதல் எழுத்து என்பது வயது வந்தோர் கல்வியில் பால பாடம். பேசுகிற மொழியில் படித்தால்தான் படித்தது உடனே பொருளாக மாறும். இல்லாவிட்டால் எழுத்தோடு சேர்த்து மொழியையும் சுமக்க வேண்டும். எனக்கு அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் தில்லியில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழில் எழுதிய எந்தக் காகிதம் வருகிறது? பட்டியல் ஆங்கிலத்தில் வரும். நோட்டீஸ் இந்தியில் வரும். தமிழில் வருவது ஊரிலிருந்து எப்போதாவது ஒரு கல்யாணப் பத்திரிகை. தமிழ்நாட்டில் இருந்திருந்தால் 2020 வாக்கில் தொடங்கிய 'கற்போம் எழுதுவோம்' வகுப்பு தெருவுக்கே வந்திருக்கும், தமிழிலேயே வந்திருக்கும். வெளிமாநிலத்துக்குப் பிழைக்கப் போன கோடிக்கணக்கானவர்களின் சிக்கல் இது. மும்பையில் பீகாரிக்கும், சூரத்தில் ஒடியாக்காரருக்கும், திருப்பூரில் அசாமியருக்கும் இதே கதைதான். செயலியில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்தச் சின்னக் கட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அவரே முடிவு செய்தார். "பேரை மட்டும் மூணு மாதிரியும் எழுதிக் குடுங்க. மத்ததைத் தமிழ்ல சொல்லுங்க."

மூன்று துண்டுச் சீட்டு. ரவிக்கைக்குள் பர்ஸோடு அவை இருந்தன. பாத்திரம் தேய்த்து முடித்துக் கை உலர்ந்ததும் எடுத்துப் பார்ப்பாராம்.

1991இல் புதுக்கோட்டையில் நான் அறிவொளித் தொண்டராக இருந்தேன். கேரளத்தின் எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகிவிட்டது, அந்த அலை எங்கள் பக்கமும் அடித்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் விளக்கடியில் வந்து உட்காருவார்கள். அவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. சைக்கிள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டிய பெண்கள் கண் எரிய எரிய எழுதியது அவ்வளவாக யாருக்கும் நினைவில்லை. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கணக்குப்படி மூன்று வாசிப்பு நூல்கள், சுமார் 200 மணி நேரம், 15இலிருந்து 35 வயதுவரை. 35ஐத் தாண்டியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், ஆனாலும் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்றைய திட்டத்தில் அந்த உச்சவரம்பு இல்லை, 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம். நல்ல மாற்றம்.

அந்த வகுப்புகளில் நான் தெரிந்துகொண்ட ஒன்று இன்றைக்கும் பயன்படுகிறது. பெரியவர்களுக்கு எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகக்கூடாது, சொல்லிலிருந்து எழுத்துக்கு வரவேண்டும். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைத்தால் ஏழாவது நாள் ஆள் வரமாட்டார். 'அ' பார்க்க அழகு, ஆனால் விளக்குமாறு பிடித்துக் காய்த்த விரலுக்கு அதைச் சுழித்து எழுதுவது மலை ஏறுகிற வேலை. 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. அதோடு ஒரு 'ம' சேர்ந்தால் படம், பட்டம், மடம். ஒரு கால் போட்டால் பட்டா. முதல் நாளே ஒரு சொல்லைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பட்டா என்ற சொல்லை என் மாணவி நான்கு தடவை எழுதினார். "நமக்கு இல்லாத சாமான்" என்று சிரித்தார்.

கைப்பேசிக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் அதை நான் வகுப்பில் எடுக்கவே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தோம். எழுத்துச் சொல்லித்தரும் காணொளிகள் ஏராளம், ஆனால் முக்கால்வாசி மூன்று வயதுக் குழந்தைக்கானவை. ஓர் ஆமை குதித்துக் குதித்து 'ஆ' சொல்கிறது. 50 வயதுப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு ஆமையை மூடிவிட்டேன். நாம் படிக்கப் படிக்கக் கேட்டுத் திருத்தும் செயலி ஒன்றும் கிடைத்தது. யோசனை அருமை, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலே வாசித்துப் பழகலாம். ஆனால் இவர் 'வீடு' என்று எழுதியிருப்பதை 'வூடு' என்றுதான் படிப்பார். அவர் சரியாகத்தான் படித்தார், அவர் வீடு வூடுதான். செயலி ஏற்கவில்லை. நான்காவது தடவை "இவ யாரு என் பேச்சைத் திருத்தறதுக்கு?" என்று கேட்டார். செயலியின் குரல் பெண் குரல்.

பலித்தது பாட்டு.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சியில் திரைப்பாடல் ஓடும்போது அதே மொழியில் வரிகளைக் கீழே காட்டினால் மக்கள் தாமாகவே வாசிக்கப் பழகுவார்கள் என்று 1990களின் நடுவில் யோசித்தார். 1999இல் குஜராத் தூர்தர்ஷனின் 'சித்ரகீத்' நிகழ்ச்சியில் அதைச் செய்து காட்டினார், பின்னர் 'சித்ரஹார்' வரைக்கும் போயிற்று. யாரும் வகுப்புக்கு வரவேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்து என்ன சொல் வரும் என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும், காது முன்னால் போகக் கண் பின்னாலேயே ஓடுகிறது. படிப்பு என்ற நினைப்பே இல்லாமல் படிப்பு நடக்கிறது. எழுத்தறிவுக்காக இந்த நாட்டில் செலவான பணத்தில் இதைவிடச் சிக்கனமான யோசனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

என் மாணவிக்கு எம்.ஜி.ஆர். படப் பாடல்கள் தலைகீழ்ப் பாடம். யூடியூபில் தமிழ் எழுத்தில் வரி ஓடும் பாட்டுகளைத் தேடிப் பிடித்தேன். முதலில் பாட்டைக் கேட்டார். பிறகு ஒலியைக் குறைத்துவிட்டு, ஓடும் வரியோடு அவரே பாடினார். ஒரு வரியில் நிறுத்தினேன். "இதுல 'மனம்' எங்க இருக்கு?" விரல் சரியாகப் போய் நின்றது. மூன்று வாரத்தில், 'ட' 'ப' வைத்து நான் மூன்று மாதத்தில் ஓட்டாத தூரத்தை எம்.ஜி.ஆர். ஓட்டிவிட்டார்.

ஆனால் அதிலும் ஒரு முடிச்சு. நமது பாடல் காணொளிகளில் பாதிக்கு மேல் வரிகள் ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன. தமிழ்ப் பாட்டு, ஆங்கில எழுத்து. வீட்டிலும் அப்படித்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் அம்மாவுக்கு அனுப்பும் செய்தியும் அதே கலப்படம்; 'சாப்பிட்டியா' என்பது எஸ்-ஏ-பி-டி என்று தொடங்கும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்றில் பதினொன்றாவது படித்த மகள், தமிழை அழகாக எழுதுவாள், ஆனால் தோழிகளோடு கைப்பேசியில் பேசுவது ஆங்கில எழுத்துத் தமிழில்தான். எனக்கு இது பிடிக்காது. முப்பது வருடம் தமிழ் கற்பித்தவளுக்கு எப்படிப் பிடிக்கும்? இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் என் மாணவி ஆங்கில எழுத்துகளைக் கற்றது இதன் வழியாகத்தான். எந்த ஆங்கிலப் பாடமும் முதலில் கற்றுத்தருவது 'எப்படி இருக்கிறீர்கள், நான் நலம்' என்ற உரையாடல். அவர் யாரிடம் போய் அதைச் சொல்வார்? அம்மா என்று அவருக்குத் தெரிந்த சொல்லை ஏ-எம்-எம்-ஏ என்று மகன் எழுதியிருப்பது புரிந்தபோது, நான்கு எழுத்தில் இரண்டு ஒன்றேபோல இருப்பதை அவரே கண்டுபிடித்தார். இருபத்தாறு எழுத்தும் ஆறு வாரத்தில் வந்துவிட்டன.

ஆங்கிலச் சொற்களுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டோம். அதில் பாடப் புத்தகச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. புஷ், புல், எக்ஸிட், ஃபீமேல், லிஃப்ட், ஓ.டி.பி., மாத்திரை அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எக்ஸ்பைரி. அவரே பார்த்துக்கொண்டு வந்து சொல்லும் சொற்கள். கோட்டி வாசலில் இருக்கும் காவலாளியின் பதிவேட்டில் வேலைக்காரர்களுக்குத் தனிப் பக்கம். அதன் தலைப்பில் 'மெய்டு' என்று எழுதியிருப்பதையும் படித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் அதை எழுத மறுத்துவிட்டார்.

மகள் இருக்கும்போது நான் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பெற்ற பெண்ணிடம் எழுத்துக் கற்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. பெண்ணுக்கும் பொறுமை இல்லை. "இதுகூடத் தெரியலியாம்மா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அம்மா நோட்டை மூடிவிடுவார். குடும்பத்தோடு சேர்ந்து கற்பது என்று இப்போது உலகமெங்கும் பேசுகிறார்கள். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவும் பெண்ணும் ஒரே நோட்டின் முன்னால் உட்கார்ந்தால் யார் பெரியவர் என்ற கேள்வியும் கூடவே உட்காருகிறது. எங்களுக்குக் கிடைத்த வழி, மகளை ஆசிரியையாக்காமல் எழுத்தராக்கியது. அம்மா தன் வாயால் ஒரு கதை சொல்ல வேண்டும், மகள் சொன்னபடியே தமிழில் எழுத வேண்டும், 'வூடு' என்றால் 'வூடு' என்றே. திருத்தக் கூடாது என்பது கண்டிப்பு. அப்படி எட்டுப் பக்கம் சேர்ந்தது. முதல் பக்கம், 1992இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் பதிவில்லாப் பெட்டியில் கழிவறைப் பக்கத்தில் உட்கார்ந்து தில்லிக்கு வந்தது. அந்த எட்டுப் பக்கம்தான் எங்கள் வாசிப்பு நூல். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும், பாட்டைப் போலவே. மகளுக்கோ அதில் பாதி அதுவரை தெரியாது.

2025 மே மாதத் தொடக்கத்தில் தில்லி உயர்நீதிமன்றம், மழைக்காலத்துக்கு முன் நாலாவைத் தூர்வார வேண்டும், ஜூன் 1 முதல் கேம்ப்பை அகற்றலாம் என்று உத்தரவிட்டது. பட்டியல் சுவரில் ஏறியிருந்தது. ஏறத்தாழ 370 குடிசைகளில் சுமார் பாதிக்குத்தான் வீடு. மற்றவர்களின் காகிதம் போதவில்லை.

அன்று நான் கூடப் போகவில்லை. அவர் வரவேண்டாம் என்றார். மூன்று சீட்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆங்கிலப் பட்டியல், பெயர்கள் அகர வரிசையிலும் இல்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கியிருக்கிறார். இசட்-எச் எங்கேயும் இல்லை. இரண்டாவது சீட்டை எடுத்து மறுபடி மேலேயிருந்து. எல் போட்ட பெயர் இரண்டாவது தாளில் இருந்தது. பக்கத்தில் கணவரின் பெயர் முதலெழுத்து சரி. குடிசை எண்ணும் சரி.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. "நான் வெரலை வச்சுத் தேடறதைப் பாத்துட்டு பக்கத்துல நின்னவங்க எல்லாம் எம் பேரு இருக்கா, எம் பேரு இருக்கான்னு கேட்டாங்க டீச்சரம்மா. எனக்கு எம் பேரு மட்டும்தானே தெரியும்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணாவது வூட்டு அக்கா பேரு 'ஆர்'ல ஆரம்பிக்கும்னு தெரியும். தேடினேன். இல்லை. சரியாத் தேடலையோன்னு இன்னும் இருக்கு" என்றார்.

அந்த அக்காவின் பெயர் உண்மையிலேயே பட்டியலில் இல்லை. பிறகு மகள் பார்த்துச் சொன்னாள்.

ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. இவர்களுக்கு நரேலாவில் வீடு. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தில்லியின் வடக்கு ஓரம், அதற்கப்பால் ஹரியானா. ஐந்து கோட்டிகளில் மூன்று போயின. மீதி இரண்டுக்காக சமய்பூர் பாத்லி வரை பேருந்து, அங்கிருந்து மஞ்சள் தடத்தில் மெட்ரோ, காஷ்மீரி கேட்டில் மாறி ஊதாத் தடத்தில் ஜங்புரா. எழுத்துத் தெரியாதவர்களுக்காகவே மெட்ரோவுக்கு யாரோ நிறம் கொடுத்தார்கள் போலிருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு. இவர் இப்போது நிறத்தைப் பார்ப்பதில்லை, பலகையைப் படிக்கிறார். படித்தால் நேரமாகிறது, சமயத்தில் ஒரு ரயிலை விட்டுவிடுகிறார். இருந்தாலும் படிக்கிறார்.

எங்கள் வகுப்பு அதற்குப் பிறகுதான் நிஜமாகவே 'ஆன்லைன்' ஆனது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அது மகளுடையது. இரவு ஒன்பதரைக்கு அவள் பள்ளிக்கூட வேலை முடிந்ததும் அம்மாவின் கைக்கு வரும். நான் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவர் படித்துக் குரலாகத் திருப்பி அனுப்புவார். பின்னணியில் பிரஷர் குக்கர், யாரோ வீட்டு டி.வி. முப்பது விநாடி, நாற்பது விநாடி. எனக்கு வேலை அதிகமில்லை. கேட்டுவிட்டு, எங்கே திக்கினாரோ அந்தச் சொல்லை மட்டும் மறுநாள் வரியில் மறுபடி வைப்பேன். ஆயிரக்கணக்கான பாடங்கள் கிடைக்கும் இணையத்திலிருந்து எங்களுக்குப் பயன்பட்டவை இந்தக் குரல் அஞ்சலும், வரி ஓடும் பாட்டுகளும், ஸ்டோரிவீவரில் எழுத்துப் பெரிதாக இருந்த பத்துப் பன்னிரண்டு கதைகளும்தான். அவற்றைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எந்தச் செயலியும் அந்த வேலையை எனக்காகச் செய்துகொடுக்கவில்லை. இன்னாருக்கு எந்த எழுத்து எதற்காக வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

உல்லாஸ் திட்டத்தில் ஒரு தேர்வு உண்டு. வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50, மொத்தம் 150 மதிப்பெண். தேறினால் சான்றிதழ். 2018இல் கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா தமது 96ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 வாங்கியதை மகள் கைப்பேசியில் காட்டியிருக்கிறாள். நீங்களும் எழுதுங்களேன் என்றேன். "கணக்குல எனக்கு அம்பதுக்கு அம்பது வரும். சம்பளத்துல ஒரு நாளு லீவு புடிச்சா எவ்வளவுன்னு முப்பது வருஷமா மனசுலயே போட்டிருக்கேன்" என்றார். தேர்வு பற்றி அப்புறம் பேச்சில்லை. ஒரு மாநிலத்தில் 95 சதவீதம் பேருக்கு எழுத்தறிவு வந்துவிட்டால் அதை முழு எழுத்தறிவு என்று கொள்ளலாம் என்பது இப்போதைய அரசு வரையறை. 2025இல் மிசோரம், கோவா, திரிபுரா எல்லாம் அந்த அறிவிப்பைச் செய்தன. சந்தோஷம்தான். மீதி ஐந்து சதவீதத்தில் இருப்பவர்கள் யார் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

சென்ற மாதம் வாக்காளர் பட்டியலில் முகவரியை நரேலாவுக்கு மாற்ற ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். முகவரி மாற்றமும் பிழைத் திருத்தமும் படிவம் 8இலேயே செய்யலாம். கடைப் பையன் பழைய அட்டையைப் பார்த்து மளமளவென்று தட்டினான். இவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எல் இல்ல, இசட்-எச்."

பையன் இந்தியில், "ஆண்ட்டி, இரண்டும் ஒன்றுதான்" என்றான். ஒன்றில்லை என்று இவர் இந்தியிலேயே சொல்லியிருக்கிறார். அப்படி ஓர் ஒலியே கிடையாது என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் நாக்குக்கு அது கிடையாது. இவர் 'ழ' என்று மூன்று தடவை சொல்லிக் காட்டினாராம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். மகள் "விடும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. ஆதார் அட்டையை எடுத்து மேஜையில் வைத்து அந்த இரண்டு எழுத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். திருத்தத்துக்கான கட்டத்தையும் அவன் நிரப்பிக்கொடுத்தான். முப்பது ரூபாய் கூடுதலாக வாங்கினான்.

புது அட்டை இன்னும் வரவில்லை. நேற்று இரவு வந்த குரல் அஞ்சலில் பாடத்தைப் படித்து முடித்துவிட்டு, மின்சார பில் வந்திருக்கிறது, முழுக்க இந்தியில் இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன் என்றார். "இதுல எது கரண்டு, எது மீட்டரு வாடகைன்னு மொதல்ல சொல்லுங்க. இந்தி எழுத்தை அப்பறம் பாத்துக்கலாம். பக்கத்து வூட்டுக்காரங்களும் கேக்குறாங்க."